இரண்டாவது கணக்கை முதலில் காட்டிக்கொடுப்பது உங்கள் செல்போன் எண்தான்

வேறு பெயரில் கணக்கு வைத்திருப்பவர்களை "ஃபேக் ஐடி" என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறோம். பாண்டியிலும் கடலூரிலும் அப்படி எழுதுகிறவர்கள் யார்? வீட்டுக்குத் தெரியாமல் ரீல்ஸ் போடும் நர்சிங் மாணவி. சாதியைப் பற்றி எழுதினால் சொந்த ஊரில் நிம்மதியாக நடமாட முடியாத பையன். தான் திருநங்கை என்பதை வீட்டில் இன்னும் சொல்லாதவர். இவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. இன்னொருவர் போட்டோவைப் போட்டு அவராக நடிப்பதுதான் குற்றம். அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி, 66டி பிரிவுகள் இருக்கின்றன, மூன்று ஆண்டு வரை சிறை. புனைபெயரில் எழுதுவது அந்தக் கணக்கில் வராது.

ஆனால் பெயரை மாற்றினால் போதும் என்று நம்பித்தான் பெரும்பாலானவர்கள் மாட்டுகிறார்கள். பெயரை யாரும் தேடி வருவதில்லை. செல்போன் எண் வழியாகத்தான் வருகிறார்கள். உங்கள் அத்தை பையன் புதுப் போன் வாங்கி, முகநூல் ஆப் கேட்டதும் கான்டாக்ட்ஸ் முழுவதையும் அனுமதித்துவிடுகிறார். அதில் உங்கள் எண் இருக்கிறது. அதே எண்ணில் உங்கள் இரண்டாவது கணக்கு இருந்தால், "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" வரிசையில் அது அவர் கண்முன் வந்து நிற்கும். நீங்கள் எதையும் பதிவேற்றவில்லை என்பதால் பயனில்லை, அவர் பதிவேற்றிவிட்டாரே. முகநூலில் 53 கோடிக்கும் மேற்பட்டவர்களின் எண்கள் 2021இல் வெளியே கொட்டிக் கிடந்தன. ட்விட்டரிலும் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்தால் கணக்கு தெரிந்துவிடும் ஓட்டை இருந்து, 2022இல் வெளிச்சத்துக்கு வந்தது. புனைபெயரில் இருந்தவர்களுக்குத்தான் அதில் அதிக ஆபத்து.

ஆகவே இரண்டாவது கணக்கைத் தொடங்கும் முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டும். முதலில் புதிய மின்னஞ்சல். அதற்கு மீட்பு எண்ணாகவோ மீட்பு முகவரியாகவோ பழையதைக் கொடுக்கக் கூடாது. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சில தளங்களில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்பதை அழுத்திப் பயனர் பெயரைக் கொடுத்தால் திரையில் நட்சத்திரக் குறிகள் வரும், கூடவே எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் மின்னஞ்சலின் முதல் எழுத்தும் வரும். முன்பின் தெரியாதவருக்கு அது ஒன்றுமில்லை. உங்கள் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு அந்த இரண்டு இலக்கம் போதும். லாகின் செய்யாத வேறொரு பிரவுசரில் உங்கள் கணக்குக்கே இதைச் செய்து பாருங்கள், கோட் அனுப்பும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள்.

தளம் எண் கேட்டே தீரும் என்றால் தனி சிம் வாங்குங்கள், அந்த எண்ணை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். அந்த எண்ணில் ஜிபே வேண்டாம். யுபிஐ-யில் எண்ணைத் தட்டிய உடனே வங்கியில் உள்ள பெயர் வந்துவிடும், பணம் அனுப்பக்கூடத் தேவையில்லை. வெள்ள நிவாரணத்துக்குப் பணம் திரட்டுகிறேன் என்று புனைபெயர்க் கணக்கில் ஜிபே எண்ணைப் போடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான், சேர்ந்த நிமிடமே உங்கள் எண் அத்தனை பேருக்கும் தெரியும்.

அந்தத் தனி சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் டிராயரில் போட்டுவிடவும் கூடாது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் சிம் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு இன்னொரு 90 நாள் போனால் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கலாம். அவர் ஓடிபி வாங்கி உங்கள் கணக்குக்குள் உட்கார்ந்துவிடுவார். கணக்கு நிலைபெற்றதும் இரட்டைப் பாதுகாப்பை (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு கோட் கேட்பது) எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே கோட் காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றி, போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோட்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தளம் விட்டால் எண்ணையே நீக்கிவிடுவது நல்லது. நீக்க முடியாவிட்டால் செட்டிங்ஸில் எண்ணை வைத்து யார் உங்களைத் தேடலாம் என்ற இடத்தில் "நான் மட்டும்" என்று வையுங்கள். டெலிகிராமிலும் எண்ணை யார் பார்க்கலாம், எண்ணை வைத்து யார் கண்டுபிடிக்கலாம் என்று இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம்.

ஆப்பில் லாகின் செய்வதற்கு முன்னால் போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் கான்டாக்ட்ஸ் அனுமதியை அணைக்க வேண்டும். பின்னால் அணைத்தால், அதற்குள் ஏறியது ஏறியதுதான், அதைத் தனியாகப் போய் அழிக்க வேண்டும். ஒரே இன்ஸ்டா ஆப்பில் இரண்டு கணக்கையும் சேர்த்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது எனக்கு ஒப்பாத பழக்கம். அவசரத்தில் அக்காவின் கல்யாணப் படத்துக்குப் புனைபெயர்க் கணக்கிலிருந்து "வாழ்த்துகள் அக்கா" என்று போய்விடும். தனி பிரவுசரில், தனி புரொஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். முகநூல், இன்ஸ்டா கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் அக்கவுண்ட்ஸ் சென்டரில் இரண்டையும் இணைக்கவே வேண்டாம். லாக் ஸ்கிரீனில் நோட்டிஃபிகேஷன் உள்ளடக்கத்தை மறையுங்கள், போன் டீக்கடை மேசையில் கிடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் படிக்கிறார்.

பகிரும் சுட்டிகளையும் கவனியுங்கள். இன்ஸ்டாவில் காப்பி செய்த சுட்டியின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக ஒரு வால் இருக்கும், பகிர்ந்த கணக்கோடு தொடர்புள்ள அடையாளம் அது. குடும்ப வாட்ஸ்அப்பில் போடும் முன் கேள்விக்குறியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

ஊர் சின்னது என்பதுதான் நம் பக்கத்துப் பெரிய சிக்கல். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை கொட்டியதே, அன்றைக்கு எத்தனை பேர் மொட்டை மாடியிலிருந்து தெருவைப் படமெடுத்துப் போட்டார்கள். ரெயின்போ நகரிலோ கிருஷ்ணா நகரிலோ இருப்பவருக்கு எதிர்வீட்டு கேட்டும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தால் எந்த மாடியிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிடுவார். வண்டியின் பிஒய் 01, டிஎன் 31 பலகை, பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய நீலத் தெருப்பலகை, பின்னணியில் ஒலிக்கும் கோயில் ஸ்பீக்கர் எல்லாமே முகவரிதான். முகநூலும் இன்ஸ்டாவும் பதிவேற்றும்போது படத்தில் உள்ள ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிடுகின்றன. ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் தகவல் அப்படியே போகும். மழைப் படம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நாலு நாள் கழித்து, வேறு தெருவில் எடுத்ததைப் போடுங்கள்.

முதல் பத்து ஃபாலோயர்களில் தங்கையும் கல்லூரித் தோழியும் இருந்தால், மற்றதெல்லாம் செய்தும் வீண். சொந்தக் கணக்கிலிருந்து புனைபெயர்ப் பதிவுக்கு லைக் போடுவதும் அதே ரகம்.

அரசு ஊழியர்கள் இதைத் தனியாகப் படிக்க வேண்டும். புதுச்சேரி அரசில் இருப்பவர்களுக்குப் பொருந்தும் 1964 மத்திய நடத்தை விதிகளில் ஒன்பதாவது விதி, அரசின் கொள்கையை விமர்சித்து வெளியிடுவதைத் தன் பெயரில் மட்டுமல்ல, பெயரில்லாமலோ புனைபெயரிலோ வெளியிடுவதையும் தடுக்கிறது. கடலூர்ப் பக்கம் தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 1973 விதிகள் தனி. கவிதைக்கும் சமையலுக்கும் புனைபெயர் உங்களைக் காக்கும், அரசை விமர்சிக்கப் புனைபெயர் சட்டக் கேடயம் ஆகாது. இந்த விதி இவ்வளவு அகலமாக இருப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனாலும் இருக்கும் விதியைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

தளத்தை நடத்தும் நிறுவனத்திடமிருந்து மறைக்க முடியும் என்றும் நினைக்க வேண்டாம். இன்ஸ்டாவில் ஒருவரை பிளாக் செய்யும்போது "இவர் வைத்திருக்கக்கூடிய மற்ற கணக்குகளையும்" என்று கேட்கிறதே, எது எது ஒருவருடையது என்று ஊகிக்காமல் அப்படிக் கேட்க முடியாது. நாம் செய்வதெல்லாம் உறவு, அலுவலகம், தெரு ஆகிய மூன்றிடமிருந்து மறைப்பது மட்டுமே.

யாராவது கண்டுபிடித்து, "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று பணமோ படமோ கேட்டால் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறை தொகை ஏறும். கணக்கை அழிக்கும் அவசரமும் வேண்டாம், ஆதாரமும் சேர்ந்து போய்விடும். அவருடைய புரொஃபைல் சுட்டி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அங்கே பெயர் சொல்லாமலே கொடுக்க வழி இருக்கிறது.