கால நீட்டிப்புக்கு 30 நாள் முடிவான எல்லை அல்ல
உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஆம் பிரிவின்படி, வழக்கில் ஒரு செயலைச் செய்யத் தான் விதித்த கெடுவை நீதிமன்றம் மொத்தம் 30 நாளுக்கு மேல் நீட்டித்து அவகாசம் தரவே இயலாது என்று இங்கு வெளியான கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. தரப்பினரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் இருந்தால் அந்த வரம்பைத் தாண்டியும் அவகாசம் தரலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே கூறியிருக்கிறது. எதிர்த்தரப்பு ஆவணங்களைத் தராமல் இழுத்தடிப்பதைவிட அத்தகைய காரணம் வேறென்ன இருக்க முடியும்? வாலிநோக்கத்தில் உப்பளக் கூட்டு வியாபாரம் தொடர்பாக என் மைத்துனர், பிரதிவாதி வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்று கோரித் தொடுத்த கணக்கு வழக்கில், லாரியில் உப்பு ஏற்றிய ரசீதுகளும் வரவு செலவுப் பேரேடும் முழுவதும் பிரதிவாதியின் கையில் இருந்தன. ஒரு தரப்பு மறுதரப்பிடம் எழுத்து மூலம் கேட்ட கேள்விகளுக்கு 10 நாளில், அல்லது நீதிமன்றம் அனுமதிக்கும் காலத்துக்குள், பிரமாணப் பத்திரம் அளிக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் கட்டளை 11இன் 8ஆம் விதி. பிரதிவாதியோ வாய்தா மேல் வாய்தா வாங்கி, மழைக்காலம் கழிந்து அடுத்த உப்பு வாரும் பருவம் தொடங்கிய பிறகே பதில் தந்தார், அதற்குள் எங்கள் தரப்புச் சாட்சியத்துக்குரிய கெடு முடிந்துவிட்டது. எந்தத் தேதியில் என்ன கேட்டோம், எது எப்போது வந்தது என்று வரிசையாக எழுதிய மனுவின் பேரில்தான் நீதிபதி கெடுவை நீட்டித்தார். அதே கட்டளையின் 21ஆம் விதியின்படி பிரதிவாதியின் எதிர்வாதத்தையே நீக்கக் கோரலாமே என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறியவர்மீது கடைசி வழியாக மட்டுமே அது பயன்படுகிறது, மேலும் கணக்கு வழக்கில் வாதிக்குத் தேவை அந்தப் பேரேடுதான். கெடு கடந்த பின்னும் மனுச் செய்ய 148ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டும்.