கிட்டே போனால் போதும்

ஸ்டிரீட் ஃபைட்டர் என்ற சண்டை வீடியோ கேமில் மெதுவான, கனமான ஆளை வைத்துப் போட்டியில் தேற முடியாது, வேகமான கென்னை எடுங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி சரி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கேம் மெஷினில் 50 சென் போட்டு ஸ்டிரீட் ஃபைட்டர் 2 ஆடிய காலத்திலிருந்தே எனக்கு அந்தக் கனமான மல்யுத்த வீரன் ஸாங்கீஃப்தான். எதிராளியின் கைல் மூலையில் உட்கார்ந்து, தூரத்திலிருந்தே வந்து அடிக்கும் சோனிக் பூமாகப் போட்டால் வயிறு எரியும். குதித்தால் மேல்நோக்கி உதைக்கும் ஃபிளாஷ் கிக். அதனால் குதிக்காதீர்கள். ஓர் அடி நட, நின்று தடு, மறுபடி ஓர் அடி. அவசரப்பட்டவன் தொலைந்தான்.

கட்டுரையில் விட்டுப்போனது ஒன்று உண்டு. கிட்டே போய் எதிராளியைப் பிடித்துச் சுழற்றித் தரையில் அடிக்கும் ஸாங்கீஃபின் ஸ்க்ரூ பைல்டிரைவருக்குக் கன்ட்ரோல் குச்சியை வட்டமாகச் சுற்றும்போது மேல் திசையும் சேர்ந்துகொள்ளும், ஆள் சும்மா எகிறிவிடுவான். சின்னக் குத்து ஒன்றைப் போட்டு, அது முடிவதற்குள் சுற்றி முடித்துவிட வேண்டும். இது கைக்கு வர எனக்கு ஒரு பள்ளி விடுமுறை முழுக்கப் போனது, அம்மா கொடுத்த பலகாரக் காசும் சேர்ந்துதான்!

இப்போது ஸ்டிரீட் ஃபைட்டர் 6-இல் அக்காள் மகன் கென்னை வைத்து என்னை ஓட ஓட அடிக்கிறான். ஆனால் ஒருமுறை பிடிபட்டால், “மாமா, இது நியாயமே இல்ல லா” என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவான்.