பத்து வினாடித் தனியன், நூற்று நாற்பது வருட வழக்கு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வீடியோ மறுபடி சுற்றுகிறது. வீதியில் பெருமாள், முன்னால் வைணவத்தின் இரு பிரிவுகளான தென்கலையும் வடகலையும் தள்ளுமுள்ளு, நடுவில் போலீஸ். “யானைக்கு எந்த நாமம் என்று கேஸ் போட்டவர்கள்தானே” என்று ஊரே சிரிக்கிறது. யானைக் கதையை விடுங்கள். சண்டை நாமத்துக்கு மட்டுமில்லை, யார் வாய் திறக்கலாம் என்பதற்கு.

ஆழ்வார்களின் நாலாயிரத் திவ்யப் பிரபந்தம் ஓதத் தொடங்குமுன் தனியன், அதாவது ஆசாரியனைப் போற்றும் சிறு சுலோகம், சொல்ல வேண்டும். தென்கலையார் தங்கள் ஆசாரியர் மணவாள மாமுனிகளைப் போற்றும் ‘ஸ்ரீசைலேச தயாபாத்ரம்’ சொல்வார்கள். வடகலையார் தங்கள் ஆசாரியர் வேதாந்த தேசிகனைப் போற்றும் ‘ராமானுஜ தயாபாத்ரம்’. இரண்டுமே தன் ஆசாரியனின் தயைக்குப் பாத்திரமானவர் என்றுதான் தொடங்குகின்றன! இரண்டும் சமஸ்கிருதம். அதன்பின் வரும் நாலாயிரம் தமிழ்ப் பாசுரத்தில் ஓர் எழுத்துக்கும் சண்டையில்லை. முடிவில் யாருக்கு வாழித்திருநாமம் (ஆசாரியனை வாழ்த்தும் பாட்டு) என்று வரும்போது மறுபடி கைகலப்பு.

அத்யாபக மிராசு, அதாவது கோயிலில் பிரபந்தம் ஓதும் பரம்பரை உரிமை, தென்கலையாருக்கே என்று 1882-லேயே சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு, 1915-லும் உண்டு. 2022-ல் தனி நீதிபதி ஒருவர், முதலில் தென்கலையார் தனியன் பத்துப் பன்னிரண்டு வினாடி, பிறகு வடகலையார் தனியன் பத்துப் பன்னிரண்டு வினாடி, அப்புறம் எல்லாரும் சேர்ந்து பிரபந்தம் என்று இடைக்கால ஏற்பாடு செய்தார். பெருமாள் சந்நிதியில் ஸ்டாப்வாட்ச்! 2025 இறுதியில் இரு நீதிபதிகள் அமர்வு தென்கலை உரிமையையே உறுதி செய்தது.

சட்டப்படி தென்கலையார் பக்கம் கனமானது, ஒத்துக்கொள்கிறேன். பரம்பரைக் கைங்கர்யத்தை ஆள் கூட்டிவந்து பிடுங்க முடியாது. ஆனால் தேசிகன் பிறந்த தூப்புல் அதே காஞ்சியில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் தன் ஆசாரியன் பெயரை அங்கே உரக்கச் சொல்லக்கூடாது என்றால் என் மனசு ஏற்கவில்லை. கோஷ்டியை, அதாவது ஓதும் குழுவை, நடத்துவது ஒரு உரிமை. பின்னால் நிற்பவன் வாயை அடைப்பதையும் அதே கணக்கில் சேர்க்கிறார்கள், அதுதான் இடிக்கிறது. மிராசு என்பது நிலபுலத்துக்கும் புழங்கிய சொல். வெள்ளைக்கார கோர்ட்டில் பாசுரத்துக்கும் எல்லைக்கல் நட்டுக்கொண்டோம்.

வைகாசி கருடசேவைக்குக் கூடுகிற கூட்டத்தில் பெரும்பாலானோருக்குத் தெரிந்தது “வரதா” ஒன்றுதான். அதற்கு மிராசு கேட்டு இதுவரை யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. நெரிசலில் அவர்களைத் தள்ளிவிட்டுத்தான் இரு தரப்பும் முன்வரிசைக்கு ஓடுகிறார்கள்.