பத்து நிமிடம் பின்னுக்குப் போனால் பூமி அங்கே இருக்காது!

"படம்தானே, விடு" என்று இனி யாராவது என்னிடம் சொல்லட்டும், அந்த இடத்திலேயே எழும்பிப் போய்விடுவேன். நேற்று யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றில் மச்சான் சொன்னான். கதாநாயகன் கைக்கடிகாரத்தைத் திருகுகிறான், காலத்தில் பத்து நிமிடம் பின்னுக்குப் போகிறான், அதே ஒழுங்கையில், அதே மதிலடியில், தலைமயிர்கூடக் கலையாமல் வந்து நிற்கிறான். தியேட்டர் முழுக்க விசில்.

எப்படி நிற்பான்? பூமி சூரியனைச் சுற்றிச் செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஓடுகிறது. பத்து நிமிடத்தில் 18,000 கிலோமீற்றர்! பூமியின் விட்டமே 12,700 சொச்சம்தான். காலம் மட்டும்தான் மாறுகிறது, இடம் மாறவில்லை என்றால், அவன் போய் இறங்குகிற இடத்துக்குப் பூமி இன்னும் வந்தே சேரவில்லை. மதிலும் இல்லை, ஒழுங்கையும் இல்லை, மூச்சுவிடக் காற்றும் இல்லை.

மெதுவாகத்தான் சொன்னேன். "பேசாமப் பாரடா" என்றான். முன்வரிசை அண்ணை திரும்பி முறைத்தார். இடைவேளையில் ரிக்கற்றின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டே காட்டினேன். ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, "உனக்கேன் இந்தக் கோதாரி? படம்தானே!" என்கிறான். கணக்கை அவன் பார்க்கவே இல்லை.

1895-இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் எழுதிய கால இயந்திர நாவலில், எதிர்காலத்தில் இயந்திரத்தைப் புல்வெளியிலிருந்து ஒரு சிலையின் பீடத்துக்குள் இழுத்துப் போய்விடுவார்கள். அதனால் திரும்பி வரும்போது அது ஆய்வுகூடத்தின் வேறு மூலையில் வந்து நிற்கும். அந்தச் சின்னத் தூரத்துக்கே மனுசன் கணக்கு வைத்திருக்கிறார்! பூமியின் ஓட்டத்தை அவரும் விட்டுவிட்டார்தான், ஆனால் வாசகனை மதித்தார். 1985-இல் வந்த பேக் டு த ஃபியூச்சர் படத்தில் காலம் தாண்டக் காருக்கு மணிக்கு 88 மைல் வேகமும் 1.21 ஜிகாவாட் மின்சாரமும் வேண்டும். எங்கள் நாட்டு நுரைச்சோலை மின்நிலையம் முழுதாய் ஓடினாலும் 900 மெகாவாட்தான், காணாது. அந்த மின்சாரத்துக்காக மணிக்கூட்டுக் கோபுரத்தில் மின்னல் விழும் நேரத்தைப் பிடித்துக் கதை கட்டினார்கள். அது உழைப்பு.

"சரி, உனக்கொரு மெசின் கிடைச்சா எங்க போவாய்?" என்று மச்சான் கேட்டான். எங்கே போவேன்? 1981 மே மாதக் கடைசிக்கு, எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு, அதை எரிக்க முன்னம். எரிந்த 97,000 புத்தகத்தில் இரண்டு கை கொள்ளுமளவாவது தூக்கிக்கொண்டு வருவேன். பூமியே இல்லாத இடத்தில் இறக்கிவிடுகிற மெசினை வைத்து நான் என்ன செய்ய? இடம் முக்கியமில்லையா?

ஒரே ஒரு வரி கேட்கிறேன். "இது பூமியின் ஈர்ப்பைப் பிடித்துக்கொண்டே போகும்" என்று படத்தில் யாராவது சொல்லட்டும். நம்புகிறேன், வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறேன். பாட்டெடுக்க சுவிஸ் போகக் காசிருக்கிறது, ஒரு வரி எழுத ஆளில்லையா?

அப்புறம் அந்த ரோல்ஸ். மீன் ரோல்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே முழுக்க உருளைக்கிழங்கு!