மணி எங்கே படுப்பது, முதலில் அதைச் சொல்லுங்கள்

தீபாவளி ராத்திரி வெடிச் சத்தம் தாங்காமல் எங்கள் வீட்டு நாய் மணி கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக் கிடந்தது. தம்பிதான் அதை வெளியே இழுத்து மெத்தையில் போட்டு, போர்வையை மூடிப் பக்கத்திலேயே படுக்க வைத்தான். நல்ல காரியம். அடுத்த நான்கு நாளும் அங்கேயேதான் தூக்கம். ஐந்தாம் நாள் புது விரிப்பு போட்டிருந்தார்களாம், மணி வழக்கம்போல ஏறியது, அப்பா செருப்பை எடுத்து முதுகில் ஒன்று வைத்தார்.

விரிப்பு புதுசா பழசா என்று அதற்கு எப்படித் தெரியும்? நான்கு நாள் கொஞ்சியதும் இதே கட்டிலில், அடித்ததும் இதே கட்டிலில்!

கேட்டால், "நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும்..." என்று பழமொழி. வயிறு எரிகிறது. அதைத் தூக்கி மெத்தையில் வைத்தது யார்?

மெத்தையில் நாய் படுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. படுக்கட்டும். ஆனால் அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டாமா? உண்ணி மருந்து மாதா மாதம், குடற்புழு மாத்திரை 3 மாதத்துக்கு ஒரு முறை, வெறிநாய்க்கடி ஊசி வருஷா வருஷம், வாரம் ஒரு தடவை விரிப்பைச் சுடுதண்ணீரில் துவைப்பது. தம்பி இதில் எதைச் செய்தான்? போன வாரம் மணியின் காது மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். மிளகு பருமனில் மூன்று உண்ணி, ரத்தம் குடித்து உப்பிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அதே காதைத் தலையணையில் வைத்துத்தான் தூங்குகிறது. பக்கத்து அறையில் அம்மாவுக்கு வீசிங். அந்த அறைக்குள் அது போகவே கூடாது. ஆனால் கதவைச் சாத்த ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

வேண்டாம் என்றால் எல்லாரும் சேர்ந்து, என்றைக்கும் வேண்டாம் என்று இருங்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டு, தினமும் அங்கேயே படுக்கச் சொன்னால் பத்துப் பதினைந்து நாளில் பழகிவிடும். ஒருநாள் மெத்தை, ஒருநாள் செருப்பு என்றால் எந்த ஜீவன் பழகும்?

நேற்று ராத்திரி இடி இடித்தது. மணி கட்டில் ஓரத்தில் வந்து, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி அப்படியே நின்றது. ஏறவில்லை. தம்பி முகத்தைப் பார்க்கிறது, அப்பா முகத்தைப் பார்க்கிறது. வாலை அடிவயிற்றோடு ஒட்டிவைத்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை. கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து அதன் பக்கத்தில் நானே படுத்துக்கொண்டேன்.

கார்த்திகைக்குத் தெருவில் மறுபடியும் வெடிப்பார்கள். அதற்குள் ஒரு முடிவைச் சொல்லித் தொலையுங்கள்.