நெஞ்சில் பிள்ளை, முதுகில் எட்டாத பக்கிள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கார் பார்க்கிங்கில் நான் நின்ற கோலத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். நெஞ்சில் ஐந்து மாதப் பையன். என் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் துழாவிக்கொண்டிருந்தன. பிள்ளையை நெஞ்சோடு கட்டிச் சுமக்கும் பேபி கேரியரின் இரண்டு தோள்வார்களையும் இணைக்க ஒரு சின்ன பக்கிள் இருக்கிறதே, அது சரியாகக் கைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கும். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கடைசியில் கார்களைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சள் சட்டை அண்ணன் வந்து 'டிக்' என்று மாட்டிவிட்டார். மாட்டிவிட்டு, "எங்கம்மாவுக்கு ஒரு டவல்தான்" என்றார்.

உண்மைதானே. வார்விக் சந்தைப் பக்கம் போனால் தெரியும். பிள்ளையை முதுகில் போட்டு, போர்வையைச் சுற்றி இறுக்கி, நுனியை நெஞ்சில் செருகிக்கொண்டு ஜூலு பெண்கள் தம் பாட்டுக்கு வியாபாரம் பார்ப்பார்கள். ஜூலுவில் 'பெலேதா' என்றால் முதுகில் சுமப்பது, பெற்றெடுப்பது, இரண்டும்தான். நாம் பத்து மாதத்தோடு சுமந்த கணக்கை முடித்துவிடுகிறோம்.

ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ் 1960களில் டோகோவுக்குத் தொண்டு வேலைக்குப் போனவர், அங்கே தாய்மார் பிள்ளை சுமப்பதைப் பார்த்துத் தன் மகளுக்காக ஒன்றைத் தைக்கவைத்தார். அதுதான் 'ஸ்னக்லி' என்ற கேரியர். 1969இல் காப்புரிமை வாங்கினார். ஆப்பிரிக்கத் துணி அமெரிக்கா போய், பக்கிள் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. அதை நான் ஆப்பிரிக்காவிலேயே ஆயிரத்துச் சொச்சம் ரேண்ட் கொடுத்து வாங்கினேன். என் சமர்த்து!

ஆனாலும் வருத்தமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் காரணமே இல்லாமல் வீறிடுவான். கேரியரில் போட்டு வாசலில் நாலு நடை நடந்தால் அடங்கிவிடுவான். "எந்நேரமும் இப்படிச் சுமந்தா அப்புறம் கீழயே இறங்க மாட்டான்டா" என்று அம்மா போனில் சொல்கிறாள். இறங்காவிட்டால் என்ன, கல்யாணத்துக்குமா சுமக்கப்போகிறேன்? கோயிலுக்குப் போனால், "ஷேம், அம்மா எங்கே?" என்று இவனிடம் கேட்கிறார்கள். (இந்த ஊரில் ஷேம் என்றால் 'அச்சோ பாவம்', வெட்கமில்லை.) அப்பன் சுமந்தால் அம்மாவைத் தேடுவார்கள், அம்மா சுமந்தால் அப்பனை யாரும் தேடுவதில்லை. எனக்குக் கோபம் இதில்தான்.

குறையும் உண்டு. இந்த ஊர் பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் இருவர் சட்டையும் பிழியலாம். அடுப்புப் பக்கம் போகவே கூடாது. சூடான டீயும் வேண்டாம். படியிறங்கினால் சொந்தக் கால் தெரியாது. நான் முதலில் வாங்கியதில் உட்காரும் இடம் குறுகல், கால்கள் தொங்கிக்கொண்டே இருந்தன. முழங்கால் புட்டத்தைவிட உயர்ந்து, தவளை மாதிரி விரிந்திருப்பதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. முகவாய் தன் நெஞ்சிலேயே அமுங்கினால் பச்சைக் குழந்தைக்கு மூச்சு முட்டும், அதனால் குனிந்து முத்தமிடும் உயரத்தில், முகம் எப்போதும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

இப்போது ஆறு மாதம், எட்டு கிலோ. தோள் கெஞ்சுகிறது. எதிர்வீட்டு ஜூலு அம்மாவிடம் முதுகில் கட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதுகு மேசை மாதிரி ஆகும்வரை குனியச் சொன்னார், பையனைத் தூக்கி மேலே போட்டார். வீடியோ காலில் அம்மா போட்ட அலறலில் போனே கீழே விழுந்தது. பையன் விழவில்லை.