வைரமும் கேஸ் சுவாலையும்

"அழுத்தியே வைரத்தை 1500 பாகை செல்சியசில் செய்கிறார்கள், அப்போ நகைப் பட்டறைச் சுவாலை அதை என்ன செய்யும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிழையான கணக்கு. அங்கே 50,000 வளிமண்டல அளவில் அழுத்தம் உண்டு, ஒட்சிசன் இல்லை. பட்டறையில் இரண்டும் தலைகீழ். காற்றுப்பட்டால் வைரம் 700–800 பாகையிலேயே மேலாக எரிந்து பால்போல வெளுக்கும். 18 கரட் தங்க நகையை ஒட்டும் பற்றாசு உருகுவதும் ஏறத்தாழ அதே சூட்டில்தான்.

ஒட்டுமுன் கல்லைக் கழற்ற முடியாவிட்டால் நகையை எண்ணெய்ப்பசை போகக் கழுவி, போரிக் பவுடர் கலந்த ஸ்பிரிட்டில் தோய்த்தெடுங்கள். ஸ்பிரிட் போத்தலைத் தள்ளி வைத்துவிட்டு, நகையில் ஒட்டிய ஸ்பிரிட்டைக் கொளுத்தி எரியவிடுங்கள். வெண்படலம் பிடித்தபின் சுவாலையை ஊதி ஒட்டலாம். சூட்டோடு தண்ணீரில் போடவே கூடாது, உள்ளே கீறல் இருந்தால் வெடிக்கும். கீறலுக்குள் கண்ணாடி நிரப்பிய கல்லென்றால் இந்தப் படலமும் காப்பாற்றாது. ஏற்கெனவே வெளுத்ததா? மறுபடி பட்டை தீட்டினால் தெளியும், எடை கொஞ்சம் போகும்.